மெத்தைக்கடை மேலாளரும் எட்டுச் சக்கரமும்

ஃபிரிட்ஜின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டால் விழமாட்டோம் என்று நினைத்ததுதான் மேலாளர் செய்த முதல் தப்பு. ஃபிரிட்ஜுக்குக் கதவு என்று ஒன்று உண்டு, இழுத்தால் அது திறக்கும். தினமும் திறந்து மூடுகிற மனிதருக்கு இதுகூடவா தெரியாது என்று கேட்காதீர்கள். காலில் சக்கரத்தைக் கட்டிவிட்டால் மற்ற அறிவெல்லாம் கழன்று போய்விடும் போலிருக்கிறது.

கதவு திறந்தது. கதவோடு சேர்ந்து அவரும் ஓர் அரைவட்டம் போனார். முட்டைத் தட்டு முதலில் தரைக்கு வந்தது. அதன்மேல் அவர் வந்தார்.

சத்தம் கேட்டு மனைவி ஓடி வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றவில்லை. சமையலறை வாசலில் நின்று கணவரையும் முட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"பயிற்சி."

"எதுக்கு, ஆம்லெட்டுக்கா?"

"முதல்ல கையைக் குடு."

"எங்க பிடிக்கறதுன்னு சொல்லுங்க. உடம்பு பூரா வழவழன்னு இருக்கு."

இந்தக் கதிக்கு அவர் வந்ததற்கு அவருடைய வாய்தான் காரணம். பல வருஷங்களுக்கு முன்னால், மெத்தைக்கடை வேலைக்கு நேர்காணல் போனபோது முதலாளி, "பொழுதுபோக்கு என்ன?" என்று கேட்டார். முன்னால் போன அத்தனை பேரும் புத்தகம் படிப்பேன், பாட்டுக் கேட்பேன் என்று சொல்லி அவரைக் கொட்டாவி விட வைத்திருந்தார்கள். வித்தியாசமாக எதையாவது சொல்லித் தொலைக்க வேண்டுமே என்று நம்மவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். தெருவில் எவனோ ஒருவன் சக்கரக் காலணியில் சர்ரென்று போய்க்கொண்டிருந்தான்.

"ஸ்கேட்டிங்குங்க," என்று வாய் சொல்லிவிட்டது.

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அட! நானும் அந்தக் காலத்துல அதுல புலிய்யா!"

வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு முதலாளி எப்போதாவது, "சக்கரமெல்லாம் ஓடுதா?" என்று கேட்பார். "ஓடுதுங்க," என்று இவர் சொல்வார். அதோடு பேச்சு முடியும். இப்படியே ஓய்வு பெறும் வரைக்கும் காலத்தைத் தள்ளியிருக்கலாம்.

பெருநகரத்துக்காரர்கள் சும்மா இருந்தால்தானே! நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஸ்கேட்டிங் மாரத்தான் என்று அறிவித்தார்கள். ஒரு காலை முழுக்க வண்டிகளை நிறுத்திவிட்டு, நகரத்துச் சாலைகளையெல்லாம் சக்கரக் காலணிக்காரர்களுக்கு விட்டுவிடுவார்களாம். வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் சோபாக்கடைக்காரர் ஏதோ கேலி பேச, முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் மேலாளரைக் கூப்பிட்டார்.

"நீயும் நானும் ஜோடியா ஓடறோம்யா. நம்ம கடைச் சட்டையைப் போட்டுக்கிட்டு. மெத்தைக்கடைக்காரன்னா தூங்குமூஞ்சிங்கறான் அந்த சோபாக்காரன். உன்னால முடியலைன்னா இப்பவே சொல்லிடு, நான் தப்பாவே நினைக்க மாட்டேன்."

முடியாது என்று சொல்வதற்கு மேலாளர் வாயைத் திறந்தார்.

"அப்புறம், நகரத்துல புதுக் கிளை திறக்கறோம்ல. அதைப் பாத்துக்க இந்த மாதிரி துடிப்பான ஆளைத்தான் போடணும்னு இருக்கேன்."

திறந்த வாயை மூடிக்கொண்டார். மனைவி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி அதே நகரத்தில்தான் இருந்தது. போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், தினமும் ரயில். போன வாரம் அவள் பல் விளக்கும் பிரஷ்ஷை வாயில் வைத்தபடி, சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே தூங்குவதைப் பார்த்திருந்தார். நகரத்துக்கே குடிபோய்விட்டால் அவள் ஒரு நாளாவது விடிந்த பிறகு எழுந்திருப்பாள்.

"சரிங்க முதலாளி. ஓடிடலாம்," என்றார்.

முதலாளியின் முகம் ஒரு மாதிரி ஆனது. அளவு மீறிய சந்தோஷத்தில் சிலருக்கு அப்படி ஆகும் என்று மேலாளர் நினைத்துக்கொண்டார்.

"ஷூ வாங்கறப்ப ஒண்ணு கவனிச்சுக்க," என்றார் முதலாளி, தொண்டையைச் செருமிக்கொண்டு. "ரெண்டு சைஸ் சின்னதா வாங்கு. அப்பத்தான் காலும் சக்கரமும் ஒண்ணாப் பேசும்."

புலி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இரண்டு சைஸ் சின்னதாக வாங்கினார். அந்த ஷூதான் இப்போது முட்டைக்கு நடுவில் அவர் காலைவிட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. மனைவி ஒரு காலைப் பிடித்து இழுத்தாள். அவர் மேசைக்காலைக் கட்டிக்கொண்டார். மேசைதான் நகர்ந்தது. கடைசியில் சமையல் எண்ணெயை ஊற்றி ஒருவழியாகக் கழற்றியபோது, வாசல் மணி அடித்தது.

திறந்து கிடந்த கதவுக்கு வெளியே கீழ்வீட்டு ரொட்டிக்கடைக்காரர் லுங்கியும் கோபமுமாக நின்றார்.

"மேல என்னங்க மில்லா வெச்சிருக்கீங்க? கடகடகடன்னு! விடியறதுக்கு முன்னால எந்திரிச்சு மாவு பிசையறவன் நான். இப்பத் தூங்கலைன்னா எப்பத் தூங்கறது?"

"மன்னிச்சுக்குங்க. பயிற்சி."

ரொட்டிக்கடைக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். எண்ணெய், முட்டை, தரையில் கணவனும் மனைவியும். "என்ன பயிற்சியோ!" என்று தலையில் அடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

வீட்டில் இனி சக்கரம் உருளக்கூடாது என்று மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ஷூவையும் சரியான சைஸில் மாற்ற வைத்தாள். கிளைக்காக ஒரு விளம்பர ஓட்டம் என்று மட்டும் அவளிடம் சொல்லி வைத்திருந்தார். மீதியைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

அடுத்ததாக அவர் கண்டுபிடித்த இடம் கடை. சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டால் நீளமான வழவழப்பான தரை அவருக்குத்தான். இரண்டு பக்கமும் வரிசையாக மெத்தைகள். விற்பனைப் பெண்ணைத் துணைக்கு வைத்துக்கொண்டார். துள்ளித் துள்ளி நடப்பதால் அவளுக்குக் கடையில் ஸ்பிரிங் என்று பேர்.

"சார், நிக்கறது எப்படின்னு தெரியுமா?" என்றாள் ஸ்பிரிங்.

"போகக் கத்துக்கிட்டா நிக்கறது தானா வரும்."

வரவில்லை. கடைக்கோடி வரைக்கும் போனவர் கையை வீசிக்கொண்டு, "நிக்கலை! நிக்கலை!" என்று கத்தினார். ஸ்பிரிங் சட்டென்று ஒரு இரட்டை மெத்தையை இழுத்துக் குறுக்கே போட்டாள். தொப்பென்று அதில் விழுந்தார். அடிபடவில்லை. சொல்லப்போனால் சுகமாகக்கூட இருந்தது.

அன்றோடு நிற்பது என்ற பிரச்சினை தீர்ந்தது. போக வேண்டியது, நிற்க வேண்டுமென்றால் பக்கத்து மெத்தையில் விழ வேண்டியது. விழப் பயமில்லாததால் வேகம் கூடியது. சில வாரங்களில் மனிதர் கடைக்குள் காற்றாகப் பறந்தார். இடது பக்கம் நிற்க வேண்டுமென்றால் இலவம்பஞ்சு மெத்தை, வலது பக்கமென்றால் ரப்பர் மெத்தை.

ஷட்டர் பாதிதான் இறங்கியிருந்தது என்று சொன்னேனே, அதற்குக் கீழே கண்ணாடி. தெருவில் போனவர்கள் குனிந்து பார்த்தார்கள். அடுத்த நாள் பாய் போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். கூட்டம் கூடுகிற செய்தி முதலாளி காதுக்குப் போனது. தொலைந்தோம் என்று மேலாளர் நடுங்க, முதலாளியோ வந்து பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்னமா போறய்யா! எதுக்கு ஷட்டரை இறக்கற? கடை நேரத்துலயே பண்ணு!"

அவ்வளவுதான். பட்டப்பகலில், வாடிக்கையாளர்கள் முன்னால், தினமும் அவர் பறந்து விழ வேண்டியதாயிற்று. 'விழுந்தாலும் எழுந்திருக்க மனம் வராது' என்று வாசலில் பலகை வைத்தார்கள். மெத்தை வாங்க வந்தவர்கள், "இவர் விழுந்ததுல ஒண்ணு குடுங்க," என்று கேட்டு வாங்கிப் போனார்கள். ஒரு அம்மாள், மெத்தையில் தலைப்பக்கம் எது, கால்பக்கம் எது என்று தெரிந்துகொள்ள அவரை மறுபடி ஒரு தடவை விழச் சொன்னாள்.

"முதலாளி, நீங்களும் ஒரு ரவுண்டு வாங்களேன்," என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

"நான் இறங்கினா அப்புறம் அவனை யாரு பாப்பீங்க?" என்றார் முதலாளி, பெருந்தன்மையாக.

ஆனால் மாரத்தான் மெத்தைக்கடைக்குள் நடக்கப்போவதில்லை. இந்த எண்ணம் ஒரு நாள் குளிக்கும்போது மேலாளருக்கு வந்தது. தலையில் ஊற்றிய தண்ணீர் திடீரென்று சில்லென்றிருந்தது. அன்றே முதலாளியிடம் ஓடினார்.

"ரோட்டுல நிக்கறதுக்கு, வலது ஷூவுல பின்னால ரப்பர்ல ஒரு பிரேக் இருக்குங்களே, அதை எப்படி..."

"பிரேக்கா?" முதலாளி சிரித்தார். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். "அது குழந்தைங்களுக்குய்யா! நம்ம மாதிரி ஆளுங்க அதைக் கழட்டிப் போட்டுடணும். அப்புறம், போறப்ப முதுகை வளைச்சு, பார்வை மட்டும் வானத்தைப் பாத்த மாதிரி வெச்சுக்க."

கழற்றிப் போட்டார். மறுநாள் காலை ஏரிக்கரைச் சாலையில், முதுகை வளைத்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு சரிவில் இறங்கினார். வானம் நன்றாகத்தான் இருந்தது. சாலையில் என்ன இருந்தது என்பது அவருக்குத் தெரியவில்லை. நிற்க வேண்டும் என்று தோன்றிய கணமே உடம்பு பழக்கத்தில் பக்கவாட்டில் மெத்தென்ற இடம் தேடிச் சாய்ந்தது. கிடைத்தது. அது போக்குவரத்துப் போலீஸ்காரரின் தொப்பை.

"லைசென்ஸ் எடு," என்றார் போலீஸ்காரர், மூச்சு வந்ததும்.

"வண்டியே இல்லீங்களே சார்."

"எட்டு சக்கரம் இருக்கு. லாரிக்கே ஆறுதான். பிரேக் எங்க?"

"கழட்டிட்டேன்."

போலீஸ்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். வழக்குப் போட எந்தச் சட்டத்திலும் இடமில்லை என்று தெரிந்ததும் அவருக்குத்தான் அதிக எரிச்சல். "இன்னொரு தடவை இந்த ரோட்டுல உன்னைப் பாத்தேன்..." என்று அனுப்பி வைத்தார்.

வேறு வழியில்லாமல் மேலாளர் பயிற்சி வகுப்பில் சேர்ந்தார். விளையாட்டு மைதானத்தில், விசில் தொங்கும் கழுத்தோடு ஒரு பயிற்சியாளர் அம்மா. மற்ற மாணவர்கள் எல்லாரும் அவருடைய இடுப்பு உயரம்.

"விசில் அடிச்சா நிக்கணும். சரியா?" என்றார் பயிற்சியாளர்.

விசில் அடித்தார். பிள்ளைகள் நின்றார்கள். மேலாளர் படுத்தார்.

"ஏங்க படுக்கறீங்க?"

"பழகிடுச்சுங்க."

"எழுந்திரிங்க. மறுபடியும்."

மறுபடியும் படுத்தார். அந்த அம்மா ஒரு புது பிரேக்கை மாட்டிக்கொடுத்து, காலைப் பிடித்து, அதட்டி, கெஞ்சிச் சொல்லிக்கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பத்துத் தடவைக்கு ஒரு தடவை நின்றுகூட விட்டார். அதற்குள் வேறு வினை வந்துவிட்டது.

"நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்," என்றார் பயிற்சியாளர், அழாத குறையாக.

"ஏங்க, இப்பத்தானே வருது?"

"உங்களுக்கு வருதுங்க. அங்க பாருங்க."

விசிலை ஊதினார். மைதானம் முழுக்கப் பிள்ளைகள் அத்தனை பேரும், சிரித்துக்கொண்டே, பொத்துப் பொத்தென்று பக்கவாட்டில் படுத்தார்கள்.

"ஒரு வருஷமா நிக்கச் சொல்லிக்குடுத்து வெச்சிருந்தேன்," என்றார் பயிற்சியாளர். "பெத்தவங்க வந்து என்னைக் கேக்கறாங்க."

போட்டிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. மேலாளருக்கு வாழ்க்கையே வெறுத்துவிட்டது. இனி இருக்கிற ஒரே வழி காலில் கட்டுப் போடுவது. சுளுக்கு என்று சொல்லி விலகிவிடலாம். கணுக்காலில் தடிமனாகத் துணியைச் சுற்றிக்கொண்டு, நொண்டி நொண்டி முதலாளி அறைக்குள் போனார்.

முதலாளி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "அடடா, கட்டா? சுளுக்கா? அய்யய்யோ! அப்ப விட்டுடுவோம்யா! உடம்புதான் முக்கியம். நீ இல்லாம எனக்கென்ன ஓட்டம்? நானும் விலகிடறேன், அதுதான் மரியாதை!"

என்ன தங்கமான மனுஷன் என்று மேலாளர் கையெடுத்துக் கும்பிடப் போனார்.

"கிளை விஷயத்தை மட்டும் அப்புறமா நிதானமாப் பேசிக்கலாம்," என்று சேர்த்தார் முதலாளி.

அப்புறம்! முதலாளியின் 'அப்புறம்' எத்தனை வருஷத்துக்கு நீளும் என்பது கடையில் எல்லாருக்கும் தெரியும். சம்பள உயர்வு, கழிவறைக் குழாய், மின்விசிறி எல்லாம் அந்த அப்புறத்தில்தான் கிடந்தன. இருட்டில் ரயிலுக்கு ஓடும் மனைவி மேலாளரின் கண்முன் வந்தாள்.

"இல்லீங்க முதலாளி! இது சும்மா, முன்ஜாக்கிரதைக்கு!" என்று சொல்லி, கட்டுப் போட்ட காலாலேயே நாலு குதி குதித்துக் காட்டினார். "பாருங்க! இன்னும் குதிக்கட்டா?"

"வேணாம்," என்றார் முதலாளி, மெதுவாக உட்கார்ந்துகொண்டே. "சந்தோஷம்யா. ரொம்ப சந்தோஷம்."

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம், மார்பில் குத்த வேண்டிய எண் துணியையும் பாதையின் வரைபடத்தையும் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு மேலாளர் உட்கார்ந்திருந்தார். கடைசி மூன்று கிலோமீட்டரும் இறக்கம். முடிகிற இடத்தில் ஒரு கல் மண்டபம். மெத்தென்று ஒரு புதர்கூட வரைபடத்தில் காணோம்.

மனைவி எதிரில் வந்து உட்கார்ந்தாள். "முகம் ஏன் இப்படி இருக்கு? உண்மையைச் சொல்லுங்க."

சொன்னார். நேர்காணலிலிருந்து போலீஸ்காரர் தொப்பை வரைக்கும் எதையும் விடாமல் சொன்னார். "எனக்கு ஸ்கேட்டிங்கே தெரியாது," என்று முடித்தார்.

"இதைச் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? அந்த முட்டையிலேயே தெரிஞ்சுது. ஏதோ ஆசைப்படறீங்களேன்னு சும்மா இருந்தேன்."

"ஆசையா? எனக்கா? உனக்காகத்தான்டி. அந்தக் கிளை கிடைச்சா நீ ரயில்ல சாக வேண்டாமேன்னு..."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பிடி பிடித்தாள். "நல்லா இருக்குங்க உங்க நியாயம்! ரயில்ல உக்காந்தாவது வர்றேன். நீங்க கால் முறிஞ்சு படுத்தா யாரு பாக்கறது? ஆஸ்பத்திரியிலயும் நர்ஸு, வீட்டுலயும் நர்ஸா? கிளை போனாப் போகுது. எந்திரிங்க. இப்பவே போய் முதலாளிகிட்ட எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டு வாங்க. சொல்லாம இந்த வாசப்படி ஏறாதீங்க."

மேலாளர் போனார். வழியெல்லாம் வாக்கியத்தை ஒத்திகை பார்த்தார். எனக்குத் தெரியாதுங்க முதலாளி. மன்னிச்சுக்குங்க. அவ்வளவுதான், இரண்டு வரி. வேலையே போனாலும் போகட்டும், பொய் சொல்லிப் பொய் சொல்லி உடம்பில் இனி நீலம் பாரிக்க இடமில்லை.

முதலாளி வீட்டு வாசலில் பளபளவென்று ஒரு ஜோடி சக்கரக் காலணி இருந்தது. விலைச் சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. போட்டிக்கென்று தனியாக ஒரு ஜோடி! அதைப் பார்த்ததும் மேலாளர் இரண்டடி பின்னால் போனார். இப்பேர்ப்பட்ட புலியிடம் போய், இத்தனை வருஷமாக உங்களை ஏமாற்றினேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? திரும்பிப் போய்விடலாமா என்று நினைப்பதற்குள் கதவு திறந்தது. முதலாளியம்மா நின்றார்.

"வாங்க தம்பி! நல்லவேளை, நானே ஆள் அனுப்பறதா இருந்தேன்."

"முதலாளியைப் பாக்கணும்மா. ஒரு உண்மையைச் சொல்லிட்டுப் போயிடறேன்."

"உண்மையெல்லாம் நாளைக்கு வெச்சுக்கலாம்." அந்த அம்மா மாடிப்படியை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, கதவைப் பின்னால் சாத்திக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். குரலைத் தாழ்த்தினார். "எனக்கு ஒரு உபகாரம் பண்ணுங்க. உங்களைத் தவிர வேற யாராலயும் முடியாது."

"சொல்லுங்கம்மா."

"அந்தச் சக்கரத்தைப் போட்டுக்கிட்டு எந்திரிச்சு நிக்கக்கூட அவருக்குத் தெரியாது தம்பி, அதை உங்ககிட்டச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு மூணு நாளா சாப்பிடாமக் கிடக்கார், உங்களுக்குக் கோடிப் புண்ணியம், உள்ள போய் உங்களுக்கும் ஸ்கேட்டிங் தெரியாதுன்னு ஒரே ஒரு பொய் சொல்லிடுங்க!"